பெயர் கடைசியில்

அக்டோபர் 9, 1998, வெள்ளி

காலையிலிருந்து மழை. ஹூஸ்டன் மழை, நின்ற பிறகும் கார்ப்பெட்டெல்லாம் ஈர வாடை.

என் வீட்டுக்காரர் மு.வுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஒட்டவைத்து, உள்ளே கேஸ் குமிழ் விட்டிருக்கிறார்கள். குமிழ் மேலே மிதந்து திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு, எல்லாம் தரையைப் பார்த்து. வலது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். இருந்த நல்ல கண் இதுதான்.

"ட்ரிப்பை கேன்சல் பண்ணிடறேனுங்க" என்றேன்.

"கான்ட்ராக்ட் ரின்யூவல் நேரத்துல கேன்சல் பண்ணுவியா? போ புள்ள." தலையணை ஓட்டைக்குள்ளிருந்து பதில்.

வாங்க: சொட்டு மருந்து, ஸ்ட்ரா, தயிர். என் பூட்ஸுக்கு லேஸ்.

அக். 11, ஞாயிறு

வேனில் ஒன்பது மணி நேரம். மேற்கு டெக்ஸாஸ். மழை எங்கேயோ நின்றுபோய், வெறும் வெயில், வெறும் கல்.

பயிற்சிக்கு வந்திருக்கும் விண்வெளி வீரர்கள் ஆறு பேர். எல்லாரும் ஷட்டிலில் போகப்போகிறவர்கள். நிலாவுக்கு இப்போதைக்கு யாரும் போவதாக இல்லை. ஆனாலும் நிலாவில் இறங்கினால் எப்படியோ அப்படியே பயிற்சி. பாறை படிக்க அதைவிட நல்ல வழி கிடையாது என்பது எங்கள் டீம் தலைவர் வாதம். பயிற்சி கொடுக்கும் டீமில் நான் ஒரே பெண் ஜியாலஜிஸ்ட், ஒரே சாம்பார் சாதக்காரி. என் பெயர் பூங்கொடி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். 'பூங்' வரைக்கும்தான் வருகிறது.

பக்கத்து அபார்ட்மென்ட் செல்வி அக்கா மு.வோடு இருக்கிறார். தரையில் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, அதில் டிவி தெரியும்படி செய்திருக்கிறாராம். படம் இடவலம் மாறித் தெரிகிறது, எல்லாரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள் என்று மு. போனில் சிரித்தார். சிரிப்பு போலத்தான் கேட்டது.

அக். 12, திங்கள்

உதடு வெடித்துவிட்டது. தேங்காயெண்ணெய் கொண்டு வரவில்லை.

வேலை இப்படி. இரண்டு பேர் ரேடியோவோடு மலைச்சரிவில் நடப்பார்கள். நான் ஜன்னல் மூடிய வேனுக்குள். எனக்கு மலை தெரியாது. அவர்கள் சொல்வதை வைத்தே மேப் வரைய வேண்டும். விதி ஒன்றுதான்: பார்த்ததை முதலில் சொல், பெயரைக் கடைசியில் சொல். நிறம், துகள் பெரிதா சிறிதா, உடைத்தால் உள்ளே என்ன. அப்புறம்தான் பெயர். பெயரை முதலில் சொன்னவன் அதோடு பார்ப்பதை நிறுத்திவிடுவான்.

முதல் ஜோடி இறங்கியதும் "பசால்ட்" என்றார்கள். எரிமலைக் கல். நானும் கேள்வி கேட்கவில்லை, என் புத்தி அப்படி. எரிமலைக் குழம்பு ஓடியதாக மேப்பில் நீளமாக வரைந்துவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் மணற்கல். வெயிலில் தோல் மட்டும் கறுத்திருக்கிறது. சுத்தியலால் தட்டினால் உள்ளே வெளிர் பழுப்பு. தலைவர் என் மேப்பைப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாலை ஐந்துக்கு மோட்டலிலிருந்து போன்.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்கு."

சுருக்கென்றது. இதுவும் பெயர்தானே. நேற்றும் இவர் 'நல்லா இருக்கு' என்றார், நானும் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இடது பக்கம் ஒண்ணுமில்ல. தண்ணிக்குள்ள முழிச்ச மாதிரி. வலது கண்ணுல வெளுப்பா ஒண்ணு. நாலு கை. சுத்துது."

எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. "குப்புறப் படுத்தவருக்கு ஃபேன் எப்படிங்க தெரியும்?"



"கழுத்து விட்டுப் போச்சு புள்ள. அக்கா கடைக்குப் போனாங்க. அரைமணி நேரந்தான் மல்லாந்தேன்." அப்புறம், "எப்படியும் கண்ணு வராதுன்னு தோணுச்சு. பயமா இருக்கு" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. முதலில் திரும்பச் சொன்னேன். திரும்பினார். பிறகு நானும் சொன்னேன், எனக்கும் பயமாக இருக்கிறது என்று. அந்த அரைமணி என்ன செய்திருக்குமோ.

அக். 13, செவ்வாய்

காற்று. மேப் பேப்பர் நான்கு மூலைக்கும் கல்.

இன்று எவனையும் விடவில்லை. "பெயர் வேண்டாம், நிறம் சொல். இன்னும் கிட்டப் போ. உடை." ஒருவன் சக பயிற்சிக்காரனிடம், "பூங் இன்றைக்குக் கோபமா?" என்று கேட்டது ரேடியோவில் விழுந்தது. மேப் சரியாக வந்தது.

மாலை மு. கார்ப்பெட்டை வருணித்தார். பழுப்பு, சுருள் சுருளாக, ஒரு இடத்தில் காப்பிக் கறை, ஒரு கடுகு. அது குப்புறப் படுத்தவர் பார்ப்பதுதான். கடுகுக்கு நான் அழுதேன்.

அக். 14, புதன்

வீடு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிட்டேன். தலையைத் தூக்காமல் என் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். "மண்ணு. செகப்பு மாதிரி. பொடி" என்றார். கட்டிலோரத்தில் தரையில் நான் மல்லாந்து படுத்து, கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். மூக்கு நுனி வீங்கியிருக்கிறது.

மல்லாந்த விஷயம் செல்வி அக்காவிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவார்.

அக். 16, வெள்ளி

டாக்டர். அரைமணி விஷயத்தை நானே சொன்னேன். மு. முறைத்திருப்பார், தலை குனிந்திருந்ததால் தெரியவில்லை. திரை ஒட்டியிருக்கிறதாம். நிமிரலாம். பார்வை எவ்வளவு வரும் என்பது குமிழ் கரைந்த பிறகுதான். கரையக் கரைய அதன் விளிம்பு ஒரு கோடாகக் கீழே இறங்குவது தெரியுமாம், கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ்.

வழியில் கடலை மாவு, நல்லெண்ணெய்.

அக். 19, திங்கள். தீபாவளி

லீவு போட்டேன். வெயில். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முறுக்குச் சுட ஆரம்பித்தேன். மு.வுக்குக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அதனால் உச்சியில் ஒரு சொட்டு மட்டும்.

"ஏம்புள்ள, இங்க வா. வந்து நில்லு." வலது கண்ணைக் கையால் பொத்தியிருந்தார்.

"கோடு இறங்கிருக்கு. கோட்டுக்குக் கீழ குமிழ் தண்ணியாட்டம் ஆடுது. மேல தெரியுது. கறுப்பு. நடுவுல வகிடு, கோணல். நெத்தியில எண்ணெ வழியுது. பொட்டு இல்ல. ரெண்டு கண்ணு, ரெண்டும் அழுவுது."

"பேரு?" என்றேன்.

"பூங்கொடி."

முழுசாக. இத்தனை வருஷமும் 'ஏம்புள்ள'தான்.

முறுக்கு கருகுகிறது