சம்மதம்: ஆம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவும் பாப்பாவும் நலம். என் நலத்தைப் பற்றி இதை முழுவதும் படித்த பிறகு நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம். மூன்று வாரமாக யார் அழைத்தாலும் நீங்கள் போனை எடுப்பதில்லை. அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் நம் இருவரைத் தவிர இன்னும் நான்கு பேர் படிப்பார்கள். ஆகவே தாள்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. "அப்பா பாக்குற வரைக்கும் புதுசு முளைக்கக் கூடாது" என்று வாயை இறுக மூடிக்கொண்டு திரிகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, "இதுல முன்னாடி யாரு கை வச்சது?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புதுக் குழாயே வாங்கி வரச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "நம்ம மச்சான், கம்ப்யூட்டர்ல கட்டம் போடுறவன்" என்பீர்கள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. நம் கம்பெனி ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் பக்கங்களில் எந்தக் கட்டம் எங்கே, எந்தப் பொத்தான் என்ன நிறம் என்று முடிவு செய்வது என் வேலை. வெளியார் பார்க்கும் பக்கம் மோசமாக இருந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? அதனால் எங்கள் பிரிவின் மேல் புகார்கள் குறைவு.

வருடா வருடம் எல்லோரும் தங்கள் விவரங்களைச் சரிபார்த்துச் சேமிக்கும் படிவம் இருக்கிறதல்லவா, முகவரி, போன் எண், ரத்த வகை என்று? அதற்கு ஆளுக்கு ஆறு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. எங்கள் மேலாளரை நாங்கள் நொடிக்காரர் என்று அழைப்போம். எதையும் நொடியில்தான் அளப்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "பழைய விவரத்தை நாமளே போட்டு வச்சிடுப்பா. அவங்க 'சேமி'யை அமுக்கினாப் போதும். ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கடைசிக் கேள்வி இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது, அதற்குப் பழைய பதில் கிடையாது. 'வேறு கிளைக்கு மாற்றலாகச் சம்மதமா?' காலியாக விட்டால் படிவம் அங்கே நின்று பதில் கேட்கும், பத்து நொடி போகும். நான் 'ஆம்' என்பதில் டிக் போட்டு வைத்தேன். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானேதான்.

'சேமி' பொத்தானையும் யாரும் தேட வேண்டாம் என்று திரையின் அடிவிளிம்பில் ஒட்டி வைத்தேன். என் மேசையில் இருப்பது ஜன்னல் அகலத் திரை. அதில் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. உங்கள் கிடங்கில் இருந்த பழைய சின்னத் திரையில் அந்தக் கடைசிக் கேள்வி பொத்தானுக்குப் பின்னால் மறைந்துவிடும். பக்கத்தை மேலே தள்ளினால்தான் தெரியும். பொத்தான் கண்ணெதிரே இருக்கும்போது யார் தள்ளிப் பார்ப்பார்கள்? ஒருமுறை கிடங்குக்கு வந்து பார்த்திருந்தால் புரிந்திருக்கும். எங்கள் அறையிலிருந்து கிடங்கு இருபது படி கீழே. நாங்கள் ஐந்து பேரை வைத்துச் சோதித்தோம். ஐந்து பேரும் அந்தப் படிவத்தைச் செய்தவர்கள்.

ஐம்பத்திரண்டு நொடி. எனக்குக் கைதட்டினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களில் முன்னூற்றுத் தொண்ணூறு பேர் மாற்றலுக்குச் சம்மதித்திருந்தார்கள். ஆட்களிடம் இவ்வளவு உற்சாகத்தை நிர்வாகம் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் படம் வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, அத்தான். வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் மாற்றலாகும் ஒன்பது பேரின் பட்டியல் வந்தது. நாலாவது பெயர் உங்களுடையது.

"நான் 'ஆம்'னு எதையும் அமுக்கலையே" என்று நீங்கள் முறையிட்டீர்கள். பதிலுக்கு ஒரு தாள் அனுப்பினார்கள். சம்மதம்: ஆம். கீழே தேதி, காலை பதினொன்று நாற்பத்திரண்டு, உங்கள் ஊழியர் எண். அந்தத் தாளின் அமைப்பும் என் கைவேலைதான். 'ஆம்' பச்சை நிறத்தில் வரும்.

அதற்கு முந்தின வாரம்தான் அக்காவோடு ஏதோ சண்டையில், "எங்கயாவது கண்காணாமப் போயிடலாம் போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்கள். குடும்பம் என்று இருந்தால் மாதம் ஒருமுறை யாராவது சொல்வதுதான். ஆனால் அவள் அதையும் அந்தப் பச்சை எழுத்தையும் சேர்த்துப் படித்துவிட்டாள். நீங்கள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "நீதானடா அந்தப் பக்கத்தைச் செஞ்சே? ஒருத்தருக்குத் தெரியாமலே அதுல டிக் விழுமா? மறைக்காமச் சொல்லு" என்று கேட்டாள்.

"விழாதுக்கா" என்றேன்.

என் வேலையில் குறை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது. அந்த நேரத்தில் நான் காப்பாற்றியது ஒரு கட்டத்தை.

அன்றிலிருந்துதான், நீங்கள் அழைத்தபோதெல்லாம் அவள் போனைப் பாப்பாவிடம் நீட்டிவிட்டு நகர்ந்து போனது. "வேணும்னு போனவருக்கு வீட்டு விசாரிப்பு எதுக்கு" என்று உங்கள் காதில் விழும்படி சொன்னதும் அதனால்தான். கடைசியாக நீங்கள் என்னோடு பேசியபோது, "விடுடா, நானே கவனிக்காம அமுக்கியிருப்பேன். கண்ணும் முன்ன மாதிரி இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கண்ணாடி மாற்றிக்கொள்ளும்படி யோசனை வேறு சொன்னேன். உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

நேற்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சம்மதங்கள் எதுவும் செல்லாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். நொடிக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதை எழுத எவ்வளவு நேரம்பா ஆச்சு?" என்று கேட்டார். நாலு மாதம் என்றேன். என்ன முடிவு வரும், எனக்கு அங்கே இடம் இருக்குமா என்பது தெரியாது.

இன்று காலை அக்காவிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அப்போ அவர் சொன்னது அத்தனையும் நிஜமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருக்கலாம். பாப்பாவுக்குத் தலைவாரிவிட அடுத்த அறைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வாரினாள்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்களை அழைக்கப் போவதாக அக்கா மதியம் சொன்னாள். அவளுக்கு நேராகப் பேச ஆரம்பிக்க வராது, உங்களுக்குத் தெரியும். சுற்றி வளைத்து எங்கிருந்தோ தொடங்குவாள். நடுவில் கோபம்கூட வரலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். என்னோடு நீங்கள் பேச வேண்டியதில்லை, இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். அவள் அழைத்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்