எந்தக் கிழமை என்று கேட்டாள்

8-5-1973, செவ்வாய்

உப்பளத்தில் வேலை செய்யும் மாடத்தி இன்று எங்கள் கம்பெனி ஆபீசுக்கு வந்தாள். அளத்தில் குடிக்கிற தண்ணீர் கரிக்கிறது என்று பெண்கள் மனு கொடுத்திருந்தார்கள். அதற்குப் போன மாதம் நான் டைப் அடித்து அனுப்பிய பதிலை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள்.

"இங்கிலீசுல என்னம்மா எழுதியிருக்கு?"

'வி வில் லுக் இன்டு இட்.' மூன்று வருடமாக எல்லா மனுவுக்கும் இதே வரிதான். விரல் தானாக அடித்துவிடும். யாருக்கும் அர்த்தம் சொல்ல நேர்ந்ததில்லை.

"என்ன ஏதுன்னு விசாரிச்சுப் பாக்கோம்னு எழுதியிருக்கு" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். "அப்போ என்னைக்கு வாரீக?"

மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேட்டு வாங்க. இருக்கேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதே வரியைப் புதுத் தாளில் அடித்து, 'ஆன் தேர்ஸ்டே' என்று சேர்த்து, மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"கிழமையை யாரும்மா போடச் சொன்னா?"

"என்னைக்குன்னு கேக்காங்க சார். வெளியதான் உக்காந்திருக்காங்க."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பேனாவை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு கையெழுத்துப் போட்டார். "வியாழக்கிழமைக்கு ஜீப்பு சொல்லிரு. நீயும் வா."

அன்றைக்கு நான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகப் போவதில்லை. அங்கே இருப்பதைத்தான் குடிக்கப் போகிறேன். மேனேஜருக்கும் அதிலேயே ஒரு டம்ளர் ஊற்றி வைக்கும்படி மாடத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.