உறை போடாத கார்

நீடாமங்கலம்
மாசி மாதம், திங்கட்கிழமை

என் அன்புக்குரிய சூர்யபிரகாஷ் அவர்களுக்கு,

பிரகதீஸ்வரி எழுதுவது. இங்கே நான், அத்தை, உங்கள் தம்பி தியாகேசன் குடும்பம், கொட்டிலில் இரண்டு பசுக்கள், எல்லோரும் சுகம். திருச்சியில் வானதி சுகம். பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிப்பதாகச் சொல்கிறாள், நானும் நம்புவதாகச் சொல்கிறேன். உங்கள் சுகத்தை மட்டும் நீங்கள் என்னிடம் சொல்வதே இல்லை. முதுகுவலி முதல் மெஸ் சாம்பார் வரை உங்கள் அம்மாவிடம்தான் சொல்கிறீர்கள். அவர்கள் போனை வைத்த கையோடு என்னிடம் சொல்லிவிடுகிறார்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நான் முக்கியமான பேச்சை எடுத்தால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. லீவு முடிந்து அபுதாபி திரும்பும் நம் ஊர் வளவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரியுங்கள். உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மார்ச் கடைசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாக அத்தையிடம் சொன்னீர்களாம். போடுவதற்கு முன் இது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அவசரம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் வாங்கிவிட்டேன்.

ஸ்கூட்டரில் கிராமம் கிராமமாக மாடு பார்க்கப் போய் உன் முதுகு என்னாவது, ஒரு கார் வாங்கிக்கொள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சின்னதாக, வெள்ளையாக, நாலு கதவோடு, என்று மாடல் பெயர் வரை அனுப்பினீர்கள். வாங்கியது சின்னதும் இல்லை, வெள்ளையும் இல்லை, நாலு கதவும் இல்லை. புதுசும் இல்லை. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் படித்தபோது உங்கள் ட்ரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு கார் படம் ஒட்டினீர்களே, நீள மூக்கு, இரண்டே கதவு, கரும்பச்சை நிறம், அதற்கு அடுத்து வந்த தம்பி இது. வயது இருபதைத் தாண்டியாயிற்று. நீங்கள் சொன்ன குட்டிக் காரின் விலைக்குள்தான் வந்தது, பயப்படாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் ஒருநாள் கூத்தாநல்லூரிலிருந்து ஹமீதா பானு அக்கா போன் செய்தார்கள். நான் அந்த ஊர் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம். ஆடு குட்டி போட முடியாமல் கத்துகிறது, உடனே வா என்றார்கள். போனேன். குட்டி குறுக்கே கிடந்தது. திருப்பி எடுத்து, தாயும் குட்டியும் பிழைத்து, கை கழுவக் கொல்லைக்குப் போனால், பக்கத்துக் கொட்டகையில் சாம்பல் நிற உறைக்குள் ஏதோ நீளமாகப் படுத்திருக்கிறது. என்னவென்று கேட்டேன். அவர் வீட்டுக்காரர் முபாரக் பாய் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மெதுவாக உறையை உருட்டி எடுத்தார். ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அட, நம் வீட்டு ட்ரங்குப் பெட்டிக் கார்!

மலேசியாவில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்ததும் பாய் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. காலையில் ஒரு நாட்டில் கிளம்பிச் சாயங்காலம் இன்னொரு நாட்டில் அலுப்பில்லாமல் இறங்குவதற்கென்றே செய்தது, அதனால்தான் வேகமும் உண்டு சொகுசும் உண்டு என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “எந்த நாட்டுக்குப் போச்சு டாக்டரம்மா? தினம் தொடைப்பாங்க, திரும்ப மூடுவாங்க. வெயில் படும், மழை படும், காக்கா எச்சம் படும்னே காலம் ஓடிப்போச்சு. இந்தா இருக்கிற நாகூருக்கு என்னை ஒருநாள் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப இவங்களுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. குனிஞ்சு ஏற முடியல, விக்கணுங்குறாங்க” என்றார்கள். பாய் கண்ணாடியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அறுவடை மிஷின் பழுது பார்ப்பாரே நம் பட்டறை ரெத்தினம் அண்ணன், அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு மத்தியானம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். வெளியே வந்து, “இன்ஜின் கிண்ணுனு இருக்கு டாக்டரம்மா. ஹோஸ், புஷ், ரப்பர் எல்லாம்தான் செத்துக் கெடக்கு. ஓட்டிக் கெடுக்கல, நிறுத்தி வச்சே கெடுத்திருக்காங்க. தினம் ஓட்டுறதா இருந்தா வாங்குங்க, மூடி வைக்கிறதா இருந்தா வேணாம்” என்றார். சாமான் வரத் தாமதமாகும், பெட்ரோல் குடிக்கும், பள்ளம் பார்த்து ஓட்ட வேண்டும், இதையெல்லாமும் ஒளிக்காமல் சொன்னார். நான் ஒரு வாரம் யோசித்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் நல்ல தார்ச்சாலை. வயலுக்குள் எப்படியும் நடைதான். அந்தச் சீட்டில் உட்கார்ந்து மன்னார்குடி வரை ஓட்டிப் பார்த்த அன்று இடுப்பு வலியே தெரியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ரிடையர் ஆனபிறகு பார்க்கலாம் என்பீர்கள். போனை வைத்துவிட்டேன்.

வண்டியைக் கொடுக்கும்போது பாய் அந்த உறையையும் மடித்து என் கையில் கொடுத்து, பத்திரம் என்றார். அக்கா என் காதருகே வந்து, இதை மட்டும் போடாதே என்றார்கள். சரி, முதலில் நீங்கள் ஏறுங்கள், நாகூர் போய் வரலாம் என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். பாயால் ஏற முடியாது. கேட்டருகில் கைத்தடியோடு நின்று, மெதுவாகப் போங்கள் என்று கையசைத்தார். தெரு திரும்பும் வரை கண்ணாடியில் அவர் தெரிந்துகொண்டே இருந்தார். ஆசைப்பட்டு வாங்கியவர் வாசலில் நிற்கிறார், அவர் மனைவியை வேறு யாரோ கூட்டிக்கொண்டு போகிறாள்.

எனக்கு அந்த நிமிஷம் நீங்கள்தான் நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். அக்கா முந்தானையை நீட்டினார்கள்.

இரண்டு மாதமாகத் தினமும் இதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கமே நின்றேனே, ஏன் என்று இப்போது புரிகிறதா? வாசலில் வண்டி நிற்கும். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு உங்களிடமிருந்து மறைத்தது. அத்தைதான் ஒருமுறை, உன் பொண்டாட்டி கப்பல் ஓட்டுறா என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையைப் பிடித்துக் கிள்ளியதில், சீரியலில் வருகிறது என்று சமாளித்தார்கள்.

அத்தைக்கு முதலில் கோபம். ரெண்டே கதவு, இதில் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு மாயவரம் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. முதலில் உட்காருங்கள், அப்புறம் காலை உள்ளே எடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். போய் வந்ததும், பஸ்ஸில் போனால் மூன்று நாள் படுப்பேன், இன்றைக்குக் கால்கூட வீங்கவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு வந்த வானதியைப் பின்சீட்டில் திணித்தோம். முழங்கால் தாடையில் இடிக்கிறது, இது சீட்டா பர்ஸா என்று கேட்டாள்.

எல்லாம் பூவாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒருநாள் கேட்டு மூடி நெடுநேரம் நின்றதில் சூடேறி அணைந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் இறங்கி ஓரம் தள்ளினார்கள். கண்டக்டர் மட்டும், “என்னங்க மேடம், ஸ்போர்ட்ஸ் காருன்னாங்க, எங்களுக்குத்தான் எக்சர்சைஸ்” என்றார். ரெத்தினம் அண்ணன் மறுநாளே ஃபேனை மாற்றிவிட்டார், பிறகு அந்தத் தொல்லை இல்லை.

தை பிறந்ததும் சாலை முழுக்க நெல். மற்ற வண்டிகள் மேலேயே போய்விடும், இதற்கு அடிவயிறு தாழ்வு. முதல் நாள் தெரியாமல் ஏற்றி, தள்ளிக்கொண்டே போய்விட்டேன். காயப்போட்டிருந்த தங்கம்மாள், “நில்லு தாயி, வெளஞ்சதுல பாதியை நீயே வாரிக்கிட்டுப் போறியே” என்று பின்னாலேயே ஓடி வந்தாள். வீட்டில் பார்த்தால் அடியில் ஒரு கோழிக்குப் போதுமான நெல் சிக்கியிருந்தது. இப்போது சத்தம் கேட்டதுமே, டாக்டரம்மா வருது, ஒதுக்கு என்று பலகையால் இழுத்து வழி விடுகிறார்கள். நானும் இறங்கி ஒரு கை இழுத்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் பெய்த மழையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தியாகேசன் நம் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தான். மத்தியானம் திடீரென்று கருத்துக்கொண்டு வந்தது. இருந்த தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் போதும். என்ன செய்வது அண்ணி என்று போனில் கேட்டான். எனக்கு டிக்கியில் கிடந்த உறை ஞாபகம் வந்தது. ஓட்டினேன் பாருங்கள், அன்றைக்குத்தான் அந்த வண்டி யாரென்று எனக்குத் தெரிந்தது. முதல் தூறல் விழும்போது நாங்கள் இருவரும் உறையை விரித்து, ஓரத்தில் செங்கல்லை வைத்துவிட்டோம். பாய் அத்தனை வருஷம் போற்றிய உறை, நெல் மேல் ஒரு சொட்டு இறங்க விடவில்லை. கார் வெட்டவெளியில் நனைந்தது. நனையட்டும். காருக்கு என்ன, முளைக்கவா போகிறது?

மழை விடும்வரை நாங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். வாங்கிய நாளிலிருந்து இதை வெட்டிச் செலவு என்று முணுமுணுத்தவன் உங்கள் தம்பி. அன்று அவனே, “அண்ணி, அண்ணனை வரச்சொல்லுங்களேன். தனியா முடியல” என்றான். உங்களிடம் அவன் சொல்ல மாட்டான். அதனால் நான் சொல்கிறேன்.

வந்து என்ன செய்வேன் என்பதுதானே உங்கள் பயம்? ரெத்தினம் அண்ணனிடம் பேசிவிட்டேன். இப்போது வருகிற அறுவடை மிஷின்களில் ஏ.சி., வயரிங், ஹைட்ராலிக் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கை தெரிந்த ஆள் இல்லாமல் திருச்சிக்கு ஓடுகிறார்கள். நீங்கள் அங்கே செய்வதும் அதே வேலைதான். சார் வருவதாக இருந்தால் பட்டறையில் பாதி இடம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். வானதிக்கு இது கடைசி வருஷம். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. என் சம்பளம் வருகிறது. இனி எதற்காக நாம் பிரிந்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். பழக்கத்தைத் தவிர ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அந்த டின்னர் செட், நீங்கள் வந்தபிறகு எடுக்கலாம் என்று பரணில் பெட்டியோடு வைத்திருந்தோமே, அதையும் இறக்கிவிட்டேன். தினம் அதில்தான் சாப்பிடுகிறோம். ஒரு தட்டு உடைந்துவிட்டது. அத்தைதான் உடைத்தார்கள், உங்களிடம் நான் உடைத்தேன் என்று சொல்வார்கள்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே வெயிலில் நின்றதில்தான் இந்த வீடும், வானதியின் படிப்பும். அதை ஒருநாளும் மறக்கமாட்டேன். ஆனால் நாம் விடுமுறைகளில் மட்டுமே குடும்பம் நடத்தியிருக்கிறோம். எனக்கு உங்களோடு சாதாரண நாட்கள் வேண்டும். கேட்டு மூடியிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட ஒரு ஆள் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் வேண்டும்.

இனி பொட்டலத்தைப் பிரியுங்கள். முன்னாலேயே பிரித்திருப்பீர்கள், பரவாயில்லை. அது இந்தக் காரின் இரண்டாவது சாவி. சீட்டை என் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். உங்கள் காலுக்கு நிறையப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும், அந்த நெம்புகோல் இடது கைப்பக்கம் கீழே இருக்கிறது. திருச்சி விமான நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். திரும்பி வரும்போது நீங்கள் ஓட்டுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வருவேன், அல்லது முயற்சி செய்வேன்.

உங்கள் முழங்கால் இன்னும் நன்றாக மடங்குகிறதல்லவா? அது போதும். சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பாதீர்கள், வளவனிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கையோடு கொண்டுவந்து சேருங்கள்.

அத்தை தன் ஆசியைச் சொல்லச் சொன்னார்கள். மாயூரநாதர் துணையிருப்பார்.

வாசலில் வண்டியை உறை போடாமல் நிறுத்தியிருக்கும்,
உங்கள்
பிரகதீஸ்வரி