தனபாலன் பெயர் உள்ள பிளொப்பி

1999 மே 12, புதன்

கட்டுகஸ்தோட்டையில் ஹபீலின் கடையில் இன்டர்நெட்டுக்குக் காசு கட்டி, ஒரு வெளிநாட்டுக்காரன் வெளியிட்டிருக்கும் எமுலேட்டரை இறக்கினேன். வீட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பீப் ஒலிக்குப் பிறகும் ஒரு 'டிக்'! அது எங்கள் பிழையல்லவா?

பழைய கம்ப்யூட்டரைப் புதியதற்குள் அப்படியே ஓடவைக்கும் எமுலேட்டருக்காக நானும் தனபாலனும் பாடுபட்டபோது, பார்த்து எழுத இருந்தது ஒரேயொரு பழுதான மெஷின். அதன் டிக்கையும் ஒழுங்கென்று நம்பிச் சேர்த்தோம். 97 இல் தனபாலன் கருத்துக் கேட்டு இவனுக்குத் தபாலில் ஒரு பிரதி அனுப்பினான். இவன் அதைக் களவெடுத்துவிட்டான்.

மே 19

எமுலேட்டர் எழுதுபவர்களின் குழுவுக்கு முறையிட்டேன். எல்லாம் தன் சொந்த வேலை என்கிறான் அவன். முந்திய திகதியுள்ள கோப்பைக் காட்டு என்கிறார்கள். அவன் வெளியிட்டது 98 ஜனவரி. என்னிடமுள்ள கோப்புகள் எல்லாமே 98 பெப்ரவரி 3.

மே 20

ஏன் பெப்ரவரி 3? இங்காவது எழுதுகிறேன்.

அன்று காலை தனபாலனைப் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ரேடியோ திருத்துபவன், பையில் வயர் இருந்தது, குண்டுக்காரன் என்று சொல்ல அது போதும். பின்னேரம் நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அவன் பெயரை அழித்துச் சேமித்தேன். திகதியும் மாறிப்போனது.

பயம்தான். சரி, அழிச்சது பயத்திலை — என்ரை பெயரைப் போட்டு ஏன் வெளியிட்டனான்?

மே 23, ஞாயிறு

ஹேவாஹெட்டவில் தனபாலன் வீட்டுக்குப் போனேன், பதினைந்து மாதத்தில் முதல்தடவை. அவன் மனைவி சுந்தரியிடம், முதல் கோப்புகளை அவன் பதிந்துவைத்த பழைய பிளொப்பி ஒன்று இருந்தது. கையில் தருமுன் சொன்னாள்:

"அவரு உங்ககூட கம்ப்யூட்டர் வேலதான் செஞ்சாருன்னு ஒரு கடிதம் இருந்தா நல்லதுன்னு சட்டத்தரணி சொன்னாரு. ரெண்டு தடவ உங்களுக்கு எழுதினேன், சார். அதுக்கு வரல, இதுக்குத்தான் வந்திருக்கீங்க."

கிடைக்கவில்லை என்றேன். இரண்டும் கிடைத்தன. அவள் நம்பவில்லை, ஆனாலும் பிளொப்பியைத் தந்தாள்.

மே 24

கம்ப்யூட்டர் பிளொப்பியை வாசிக்கிறது. கோப்புகளின் திகதி 97 செப்டெம்பர்! குழுவுக்கு அனுப்பிவிட்டேன். சந்தோஷப்பட்டேன், வெட்கங்கெட்டவன்.

ஜூன் 2

வென்றுவிட்டேன். அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி: பழைய கோப்புகளில் இருப்பது தனபாலன் என்ற பெயர், நீர் வெளியிட்டதில் உமது பெயர் எப்படி வந்தது?

மனைவி செசிலியா சாப்பிடக் கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் இது தெரியாது.

ஜூன் 3

தனபாலனின் வேலை, நான் எடுத்துக்கொண்டேன் என்று குழுவுக்கு எழுதினேன். என்னையும் நீக்கினார்கள்.

ஜூன் 7, திங்கள்

சுந்தரி கேட்ட கடிதத்தை எழுதி, கண்டியில் அவளுடைய சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டிருந்தேன்.

போன கிழமை தனபாலனை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சுந்தரிக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்கள் அந்தப் பக்கம் போவீர்களா என்று கேட்டார்.