பயாலஜி குரூப் அமுதவள்ளி

நயினார்கோவில்
ஏப்ரல் 4

அன்புள்ள அமுதா,

நலம்தானே? போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடிதம் மட்டும் எழுதலாம் என்கிற விடுதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. தபால் ஆபீசில் கவர் கேட்டால் அந்த அக்கா, 'யாருக்கு பாப்பா கல்யாணம்?' என்கிறார்.

குரூப் நோட்டு இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. ப்ளஸ் டூ முடித்துப் போகிறவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதி வைக்க வேண்டும். பத்தாவது முடித்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் எந்தக் குரூப் வேண்டும் என்று கேட்க ஹெச்.எம். அறைக்குள் போவார்கள். நாமும் அப்படித்தானே போனோம். கம்ப்யூட்டர் சயின்சுக்கு நானே எழுதிவிட்டேன்: 'முப்பது பேருக்கு ஏழு கம்ப்யூட்டர், அதில் இரண்டுக்கு மவுஸ் கிடையாது, ஆனால் ஏசி உண்டு.' காமர்சுக்கு நூர் நிஷா எழுதினாள். பயாலஜிக்கு நீதான் எழுத வேண்டும்.

இன்னொன்று. பிப்ரவரியில் உங்கள் ஐந்து பேருக்கும் நீட் விண்ணப்பத்தை லேபில் உட்கார்ந்து நான்தானே நிரப்பினேன். இன்று ஃபைலை அடுக்கும்போது பார்க்கிறேன், நாலு பேர் ரசீதுதான் இருக்கிறது. உன்னுடையது இல்லை. அன்று உன் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. மறுநாள் கேட்டதற்கு 'எல்லாம் முடிஞ்சிருச்சுடி, மெசேஜ் வந்துருச்சு' என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வந்தது ரசீது மெசேஜ்தானே? உடனே பதில் போடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்,
கலைச்செல்வி


கோச்சிங் விடுதி
ஏப்ரல் 8

அன்புக் கலைக்கு,

இங்கே நாங்கள் எழுதும் கடிதத்தை வார்டன் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் முதலில் அவருக்கு ஒரு வணக்கம். விண்ணப்பம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

நோட்டுக்கு எழுதிக்கொள். பயாலஜியில் பாட்டனி, ஜுவாலஜி என்று இரண்டு. ஜுவாலஜி லேபில் பாட்டிலுக்குள் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் லேபிள் என்றைக்கோ கழன்றுவிட்டது. பிராக்டிகலில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எதைச் சொன்னாலும் மார்க் உண்டு. ரெக்கார்டு நோட்டில் இதயத்தைப் பதினோரு தடவை வரைந்தேன், பதினோரு தடவையும் கத்தரிக்காயாகவே வந்தது. பாட்டனிக்குக் காரங்காடு கூட்டிப்போனார்கள். அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே வேரை நீட்டி மூச்சு விடும் என்று சார் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதினார்கள். நான் படகு ஓட்டிய அண்ணனிடம் அந்த ஊர் எப்போது உண்டானது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரலாறு குரூப்பைத் தனுஷ்கோடி கூட்டிப்போனபோது பஸ்சில் ஒரு சீட் காலி என்று உமையாள் டீச்சர் என்னையும் ஏற்றிக்கொண்டார். அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், புயலுக்கு முன்னால் தபால் ஆபீஸ் எங்கே, ஸ்கூல் எங்கே என்று தன் அப்பா சொன்னதையெல்லாம் மணலில் கோடு போட்டுக் காட்டினார். நான் எட்டுப் பக்கம் எழுதி வந்தேன். டீச்சர் படித்துவிட்டு, 'ஏத்தா, நீ எந்தக் குரூப்பு?' என்றார். பயாலஜி என்றேன். 'அடப்பாவமே' என்றார். இதை நோட்டில் போட வேண்டாம்.

அன்புடன்,
அமுதவள்ளி


நயினார்கோவில்
ஏப்ரல் 13

அமுதா,

பயாலஜிக்கு எழுதச் சொன்னால் வரலாற்றுக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். அது கிடக்கட்டும்.

மனசு கேட்காமல் நேற்று பிரவுசிங் சென்டருக்குப் போய் உன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். பணம் கட்டவில்லை, விண்ணப்பம் முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. கடைசித் தேதி போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. சென்டர் அக்கா, 'இனி தலைகீழா நின்னாலும் ஒண்ணும் செய்ய முடியாது' என்றார். உனக்கு வந்தது வெறும் ஓ.டி.பி. மெசேஜாக இருக்கும். அதை ரசீது என்று நினைத்துவிட்டாய். உனக்குத் தெரியாது, சரி. கம்ப்யூட்டர் குரூப்பில் படித்த நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? உன் ரெண்டு வருடப் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

உன் அய்யா தினமும் எங்கள் வயலுக்கு மிளகாய்ப் பழம் எடுக்க வருகிறார். 'எங்க பிள்ள டாக்டராகிருச்சுன்னா நம்மூருக்கே ஊசி ஓசி தாயி' என்று என்னிடமே சொல்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறேன். பதினெட்டாம் தேதிவரை உன் பதிலுக்குப் பார்ப்பேன். வராவிட்டால் நானே அவரிடம் சொல்லிவிடுவேன். மன்னித்துக்கொள்.

கலை


கோச்சிங் விடுதி
ஏப்ரல் 17

கலை,

இதை வார்டன் படிக்கமாட்டார். என் அறையில் இருக்கும் மின்ஹாவைப் பார்க்க அவள் உம்மா வந்திருக்கிறார். அவர் கையில் கொடுத்து வெளியே தபாலில் போடச் சொல்கிறேன்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு எந்த மெசேஜும் வரவில்லை. மறுநாள் காலையில் நீ வருவதற்கு முன்பே லேபுக்குப் போய் என் விண்ணப்பத்தைத் திறந்தேன். பணத்தைக் கட்டினால் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடிவிட்டேன். பிறகு உன்னிடம் பொய் சொன்னேன்.

எனக்கு டாக்டராக வேண்டாம் கலை. ரெண்டு வருடமாகவே வேண்டாம். அடுத்தவர் கையில் ஊசி போட்டாலே மயங்கி விழுகிறவள் நான். அய்யா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? விண்ணப்பம் போகாவிட்டால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பப்ளிக் பரீட்சை முடிந்த மறுநாளே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எழுதப் போகாத பரீட்சைக்கு ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் படிக்கிறேன். போன வாரம் மாதிரித் தேர்வில் மூன்றாவதாக வந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு அழுகைதான் வந்தது.

அய்யாவிடம் எதையும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன். ஹால் டிக்கெட் வரும்வரை நேரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி தோன்றும்.

அமுதா


நயினார்கோவில்
ஏப்ரல் 21

அமுதவள்ளி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. உன் அய்யாவிடம் நான் சொல்லி ரெண்டு நாள் ஆகிறது.

களத்தில் வைத்துத்தான் சொன்னேன், எல்லாம் என் தப்பு என்று. எங்கள் அய்யா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். உன் அய்யாதான் குறுக்கே விழுந்து, 'விடுங்கய்யா, பச்சப் பிள்ள, வேணும்னேவா செஞ்சுச்சு?' என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. தான் கூலிக்கு வரும் வீட்டுப் பிள்ளையை அவர் எப்படி ஏசுவார்? அது தெரிந்ததால் எனக்கு இன்னும் கூசியது. பொழுது சாயும்வரை அவர் காயப்போட்ட பழத்தையே கிளறிக்கொண்டிருந்தார்.

பதினேழு நாளாக நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். நீ அங்கே எல்லாம் தெரிந்துகொண்டு பாம்புக் கதை எழுதியிருக்கிறாய். உன்னை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுக் காலையில் உன் அய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றே பேசினார். 'வருத்தப்படாத தாயி. அடுத்த வருசம் நீயே கவனமா பதிஞ்சு குடு. பிள்ள இன்னொரு வருசம் அங்கனயே இருந்து படிக்கட்டும். மூணாவதா வந்திருக்கான்னு போன்ல சொன்னாக. ஞாயித்துக்கெழம நேர்ல போயி சேத்துவிட்டு வாரேன்' என்றார். என் முகம் வாடியிருக்கிறது என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், அவர் வருவதற்குள் வந்துவிடும். உன் கடிதத்தை அவரிடம் காட்டமாட்டேன். காட்டினால் என் பேர் சுத்தமாகும். ஆனால் தன் பிள்ளை தன்னிடம் சொல்லப் பயந்தாள் என்பதை அவர் என் வீட்டு வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீயே சொல். அடித்தால் வாங்கிக்கொள்.

சொல்லாமல் அங்கேயே இன்னொரு வருடம் உட்கார்ந்தாயானால், அடுத்த பிப்ரவரியில் உன் விண்ணப்பத்தை நானே நிரப்புவேன். கடைசிப் பக்கம்வரை முடித்து, ரசீதை உன் அய்யா கையிலேயே கொடுப்பேன்.

கலைச்செல்வி