புத்தக அட்டையான பாலங்கள்

இல்லத்தில் இல்லாத என் இல்லத்தரசிக்கு,

இங்கே அப்பாவும் மகளும் சுகம். அங்கே நீ ஒருத்தி சுகமாக இருக்கிறாயா என்பதுதான் இந்த வீட்டின் முதல் கேள்வி. குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கம்பளிக் கையுறை வாங்கிக்கொள். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கிறாய், உன் ரத்தத்தில் தெம்பு இருக்கிறதா என்றும் ஒரு நாள் பார்.

போனில் வாலு உம்மென்று இருந்ததைப் பார்த்து, "என் மேல கோபமா இருக்காளா?" என்று கேட்டாய். கோபம் இல்லை, பல் இல்லை. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதை உனக்குக் காட்டக் கூடாது என்று வாயைத் திறக்காமலேயே பேசினாள். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. போனில் பாதி நேரம் அவளுக்கு, மீதி நேரம் சிக்னல் தேடுவதற்கு. எனக்கென்று கிடைப்பது "சரி, வெச்சிடட்டுமா?" மட்டும்தான். அதனால்தான் இன்னும் காகிதத்தை விடாமல் இருக்கிறேன்.

நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் "எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்டுத்தான் முடிப்பாய். வீடு பார்த்தாயிற்று, வாலுவுக்குப் பள்ளிக்கூடம் விசாரித்தாயிற்று, நாங்கள் வர வேண்டியதுதான் பாக்கி என்பாய். நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலை எழுதிக்கொண்டிருந்தேன். நான் வேலையை விட்டால் மறுநாளே நூலகத்தை மூடிவிடுவார்கள், கொஞ்சம் பொறு என்று. அந்த நூலகத்தில் இந்த வருடம் நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும்.

வருடத் தொடக்கத்தில் பாலம் வடிவமைக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் பசுமை ஞானம் வந்தது. மின்சாரம், காகிதம், பிளாஸ்டிக் மூன்றையும் குறைக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் கணக்குப் பிரிவு அதிகாரி. குழு போட்ட அன்றே அவருக்குப் 'பச்சைக்கொடி' என்று பெயர் வந்துவிட்டது. அவர் மாடி மாடியாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் நூலகத்துக்கு வந்தார். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிறது, ராத்திரியிலும் ஏசி ஓடுகிறது, புத்தகத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை. நான் நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுட்டா, ரூமே வேண்டாமே. அதைவிடப் பசுமை என்ன இருக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாலம் வடிவமைக்கிறவர்கள் ஆளுக்கொரு கையேட்டைத் தனித்தனியாக அச்சடித்து மேசையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள், ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படிக்கும் இடத்தை மூடுவது எந்த ஊர்ப் பசுமை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "சரி, நீங்களே செஞ்சு காட்டுங்க. வருஷக் கடைசியில பாப்போம்" என்றார். இப்படியாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் அலமாரிகளை நகர்த்தினோம். அந்த அறையில் சுவர் முழுக்க ஜன்னல்கள் இருப்பது உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. எந்தக் காலத்திலோ யாரோ அலமாரிகளை ஜன்னலை அடைத்து வரிசையாக நிறுத்திவிட்டு, இருட்டாக இருக்கிறது என்று விளக்குப் போட்டிருக்கிறார்கள். காற்று இல்லை என்று ஏசி போட்டிருக்கிறார்கள். அலமாரிகளைக் குறுக்காகத் திருப்பியதும் வெளிச்சம் உள்ளே வந்தது. வெயில் நேராகப் படும் பக்கம் மட்டும் திரை போட்டேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் மட்டும் ஏசி, மற்ற நாளில் ஜன்னல். ஸ்வெட்டர் பீரோவுக்குப் போய்விட்டது.

பச்சைக்கொடி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைந்துவிடும் விளக்குகளைப் பொருத்தினார். கழிப்பறைக்கு அது சரி. நூலகத்தில் ஒழுங்காகப் படிக்கிறவன் எங்கே அசைகிறான்? மேகம் மூடிய நாளில் எல்லோரும் படிக்க உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அறை இருண்டுவிடும். உடனே ஆளாளுக்கு ஒரு கையைத் தூக்கி ஆட்டுவார்கள். எட்டிப் பார்த்த மேலாளர் தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார். அதற்கப்புறம் பழைய சுவிட்சே போதும் என்று ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் உறைக்கு என்ன செய்வது என்பதில்தான் விழி பிதுங்கியது. எங்கள் அலுவலகத்தில் தினமும் கழிக்கப்படுவது வரைபடங்கள். பெரிய பெரிய தாள்கள், கெட்டியானவை. வேண்டாம் என்று தள்ளிய வரைபடத்தை, அச்சு உள்பக்கம் போகும்படி சுருட்டி அச்சு இயந்திரத்தின் பக்கத்துப் பெட்டியில் போடுவது வழக்கம். வேண்டிய வரைபடம் என்றால் அச்சு வெளியே தெரியும்படி சுருட்டுவார்கள். பெட்டியில் இருந்ததை அள்ளி வந்து வெட்டி அட்டை போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் கட்டப்படாத ஒரு பாலத்தின் துண்டு இருந்தது.

அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் வர ஆரம்பித்தார்கள். "சார், இது நான் போட்டது! நாலு மாசம் உழைச்சேன், ஒரே மீட்டிங்ல தூக்கிட்டாங்க" என்று ஒரு இளம் பொறியாளர் ஒரு புத்தகத்தைத் தடவிக்கொண்டே நின்றார். தன் பாலத்தைத் தேடி வந்தவர்கள் கையில் புத்தகத்தோடு திரும்பினார்கள். மதிய இடைவேளையில் அவர்களே உட்கார்ந்து அட்டை போட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல். நம் வீட்டில் ஒருவருக்காவது அது இருந்ததே.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். வரைபடங்களைச் சரிபார்க்கும் மூத்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். மேலாளரே அந்த அம்மாவிடம் நின்றுகொண்டுதான் பேசுவார். முடிக்கும் முன் தன் திருத்தங்களை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக, அவர் மட்டும் வேண்டிய வரைபடத்தையும் உள்பக்கமாகத்தான் சுருட்டுவாராம். எனக்கு எப்படித் தெரியும்? அவர் அப்படிச் சுருட்டிய ஒன்றை அந்தப் பெட்டியின் மேல் சாய்த்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். நான் எடுத்து வந்தேன். பிரித்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சிவப்பு. இவ்வளவு தப்பு இருந்தால் கழித்ததுதான் என்று நானே தீர்ப்பு எழுதி, துண்டு துண்டாக நறுக்கிவிட்டேன்.

சிவப்புப் பென்சில் வாழ்க்கையில் முதல் தடவையாக நூலகத்துக்குள் வந்தார். மண் பரிசோதனை பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தபடியே நின்றார். மறுநாள் பாலம் கட்டும் இடத்துக்குப் போக வேண்டிய திருத்தங்கள் அவை. வரைபடம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, திருத்தங்கள் அந்தத் தாளைத் தவிர வேறெங்கும் இல்லை.

"இவ்வளவு சிவப்பா இருந்ததால வேண்டாம்னு தள்ளினதுன்னு நினைச்சிட்டேன் மேடம்" என்றேன்.

"மோசமான டிசைன்ல நான் பென்சிலே வைக்கிறதில்ல சார். நல்லா வரும்னு தெரிஞ்சாத்தான் இவ்வளவு எழுதுவேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் நூலகத்துக்கு வந்துவிட்டார்கள். அட்டைகளைக் கழற்றி, மடிப்பை நீவி, அலமாரி நகர்ந்ததால் கிடைத்த வெறும் தரையில் பரப்பினோம். கணக்குப் பிரிவு ஆட்கள்கூடக் குப்புறப் படுத்துத் துண்டோடு துண்டு பொருத்தினார்கள். பச்சைக்கொடி டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு தவழ்ந்த காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். இரவல் போன புத்தகங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆற்றின் நடுத்தூண் இருந்த துண்டு மட்டும் கிடைக்கவில்லை. யாரிடம் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மெதுவாக உறைத்தது. அது என் பையில் இருந்தது.

எங்கள் பொறியாளர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது படிப்பதற்காகச் சில மொழிப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம். அதில் நீ இருக்கும் நாட்டு மொழிக்கான ஆரம்பப் புத்தகம் ஒன்று. அதைத்தான் ரொம்ப நாளாக மதிய நேரத்தில் யாருக்கும் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் சொல்லவில்லை. நடுத்தூண் அதன் அட்டையில்தான் இருந்தது; பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சிவப்புப் பென்சில் அட்டையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாக நான் அடிக்கோடு போட்டுவைத்திருந்தேன். அதைச் சத்தமாகவே படித்தார். "என் மனைவி இங்கே வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? எனக்கு உங்கள் மொழி கொஞ்சம்தான் தெரியும், மெதுவாகப் பேசுங்கள்." பிறகு கேட்டார்: "எப்ப கிளம்புறீங்க?"

"நான் போய்ட்டா நூலகத்தை மூடிடுவீங்களே" என்றேன். பச்சைக்கொடி தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மூடணும்னா அது எங்க தலைவலி சார். உங்க வீட்டம்மா தலையில எதுக்கு வைக்கிறீங்க?" என்றார். மறுநாள் திருத்தங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வாரம் வாலுவுக்குக் காய்ச்சல். பயப்படாதே, நல்லபடியாகத் தேறிவிட்டாள், இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். அங்கே என்ன கதியோ என்று பதறிக்கொண்டு திரும்பிப் போனால், ஜன்னல்கள் திறந்திருந்தன. ஏசி அணைந்திருந்தது. கழற்றிய புத்தகங்களுக்கெல்லாம் வேறு பாலங்களில் அட்டை போட்டு, அதனதன் இடத்தில் அடுக்கியிருந்தார்கள். பெட்டியின் மேல் 'மேடத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்' என்று ஒட்டியிருந்தது. நல்லவேளை வந்தீர்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வரைபடம் வரையும் பெண் ஒருத்தி வந்து, "ஏன் சார், நேத்து நீங்க வரலையா?" என்றாள்.

ஒரு மணி நேரம் மனது கசந்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நூலகத்துக்கு நான் வேண்டும் என்பதைவிட, எனக்குத்தான் நூலகம் வேண்டியிருந்தது. இங்கே என்னை 'சார்' என்கிறார்கள். அங்கே வந்தால் கடைக்குப் போய் உப்புக் கேட்கவும் தடுமாறுவேன். உன் கணவன் என்பதைத் தவிர நான் அங்கே யார் என்று பயமாக இருந்தது. பயம் இப்போதும் போகவில்லை. ஆனால் அதை இனி நூலகத்தின் மேல் போட முடியாது.

உன் போன கடிதம் பத்திரமாக வந்தது. புதிதாக வந்த இயந்திரம், பக்கத்து வீட்டுக்காரியின் பூனை, வாலுவுக்கு வாங்கிய ஷூ என்று எல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில் வழக்கமாக இருக்கும் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் கையை விட்டும் பார்த்தேன். மறந்திருப்பாய், வேலை அலுப்பாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாயா, இல்லை தனியாக இருக்கவே பழகிவிட்டதா என்று நினைக்கும்போது கை ஓடவில்லை.

வேலையை விடுவதாக இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. நீ சொல்லாமல் நானாகக் கிளம்பி வந்து உன் வாசலில் நிற்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எப்போது வருகிறீர்கள் என்று இன்னும் ஒரே ஒரு தடவை கேள்.

உன்னுடைய,
வீட்டுக்காரன்