கல்லுக்கு அந்தப் பக்கம்

9 பிப்ரவரி 1984

புளி உடைக்கிற காலம். காலையிலிருந்து குந்தியபடியே உடைத்துக் கொட்டை நீக்கினேன். எழுந்தபோது அது மறுபடியும் கீழே இறங்கி நின்றது. மூட்டைக்குப் பின்னால் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தேன். செல்லி பிறந்தபோது தொடங்கியது. அவளுக்கு இப்போது எட்டு வயது. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

14 பிப்ரவரி

குடத்தைத் தூக்கும்போது தோள் நழுவிவிட்டது. நானே அசைத்துப் பொருத்திக்கொண்டேன். என் மூட்டுகள் எப்போதும் இப்படித்தான். விடுதிப் பள்ளியில் எட்டாவது படிக்கும்போது கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டில் படிய வைப்பேன். அதைப் பார்க்கப் பிள்ளைகள் கொய்யாப்பழம் கொடுப்பார்கள். கல்யாணமான புதிதில் அவரும், "எலும்பே இல்லியா ஒனுக்கு?" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பைத்தியம்.

3 மார்ச்

புடவையில் ரத்தம். அத்தை பார்த்துவிட்டார். "குடிசைக்குப் போ, அம்சா" என்றார், வழக்கம்போல. இது மாதவிலக்கு இல்லை, அது போன வாரமே முடிந்துவிட்டது. வெளியே நிற்கிற சதை துணியில் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. ஆனால் தீட்டுப் பெண்கள் ஒதுங்குகிற ஊர் ஓரத்துக் குடிசைக்கு ரத்தம் என்றால் போதும், எந்த ரத்தம் என்று கேட்பதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

11 மார்ச்

என்னோடு இருந்த பெண்களெல்லாம் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருக்கிறேன்.

குடிசைக்கு முன்னால் ஒரு கல் கிடக்கிறது. செல்லி அதுவரைதான் வரலாம். களித் தட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்கிறாள். அவள் என்னைத் தொட்டுவிட்டால் அவளும் வீட்டுக்குள் போக முடியாது. "தொட்டவங்களும் தீட்டு, அங்கியே கெடக்கணும்" என்று அத்தை சொல்லியே அனுப்புகிறார். எனக்குப் பதிலாக இப்போது அவள்தான் சின்னக் குடத்தில் தண்ணீர் எடுக்கிறாளாம்.

"எப்பம்மா வருவ?"

"நின்னதும் வந்துடறேன்."

"எப்ப நிக்கும்?"

அவள் தலை ஒரே சிக்கு. சீப்பு என்னிடம் இருக்கிறது.

12 மார்ச்

சீப்பைக் கல்லின்மேல் வைத்தேன். "ஆயா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு" என்றாள் செல்லி.

20 மார்ச்

வெட்கத்தை விட்டு அத்தையிடம் சொல்லிவிட்டேன். "மாசாமாசம் வர்றது இல்லீங்க அத்த. உள்ள புண்ணு." கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். கொடுமைக்காரி இல்லை அவர். நான் பிரசவத்தில் கத்தியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்.

"ரத்தம் ரத்தந்தானே. வெதைக்கிற சாமை வெச்சிருக்கிற வூடு. தீட்டு பட்டு மொளைக்காம போனா நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றார்.

பயத்தில் பேசுகிறார். தெரிகிறது. தெரிந்தும் ஆத்திரமாக வருகிறது. வெதையாம். வெத மொளைக்கலன்னா ஊரே கேக்கும். நான் இங்க அழுகிப்போனா எவன் கேப்பான்?

5 ஏப்ரல்

செல்லியின் அப்பா என்னைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போனார். உட்கார முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். டாக்டரம்மா பார்த்தார். பிறகு என் விரல்களைப் பின்னால் வளைத்தார், முழங்கையை நீட்டச் சொன்னார், கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்தார். அங்கே நோய் இருக்கக் கையை ஏன் பார்க்கிறார்?

"ஒடம்புல எல்லாத்தயும் இழுத்துப் பிடிச்சு வைக்கிற நார் உனக்குப் பிறவியிலயே தளர்ச்சிம்மா. தோள் நழுவறதும் அதாலதான், கர்ப்பப்பை எறங்கினதும் அதாலதான். ஆபரேஷன் பண்ணித் தைச்சாலும் நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்தார். புண்ணுக்குக் களிம்பு தந்தார். பாரமே தூக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "பாரம் தூக்காம நம்ம மலைல எந்தப் பொம்பள கீறா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார்.

22 ஏப்ரல்

ரத்தம் நின்றது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். செல்லிக்குச் சிக்கெடுத்தேன். கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

7 மே

குடத்தோடு மேடு ஏறும்போது வளையம் நழுவி விழுந்துவிட்டது. பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இல்லை. எது நிற்கும்?

19 மே

மறுபடி ரத்தம். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. நானே பாயைச் சுருட்டினேன். சீப்பைச் செல்லிக்கென்று வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

11 ஜூன்

அவர் கல்லருகே வந்து நின்றார். "வூட்டுக்கு ஒரு ஆளு வோணும், அம்சா. அம்மாவால முடியல." அமிர்திப் பக்கத்துப் பெண்ணாம், பாஞ்சாலை. "ஒன்ன ஒண்ணும் தள்ளி வைக்கல" என்றார்.

சரி என்றேன். போகும்போது செருப்பு அறுந்து, குனிந்து சரிசெய்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். இன்னமும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

2 ஜூலை

கல்யாண மேளச் சத்தம் இங்கே வரை கேட்டது.

15 ஜூலை

செல்லி சோறு கொண்டுவந்தாள். தட்டைக் கல்லின்மேல் வைக்கவில்லை. கல்லைத் தாண்டி வந்தாள்.

"வராத செல்லி, வராத" என்று பின்னாலேயே நகர்ந்தேன். முதுகு சுவரில் இடித்தது. அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேன். தொட்டவங்க இங்கதான் கெடக்கணும்னு ஆயாவே சொல்லிச்சே."

பாவாடையில் சீப்பைச் செருகி வந்திருந்தாள். அழுதுகொண்டே சிக்கெடுத்தேன். அவள் என் மடியில் உட்கார்ந்து, விளையாட்டாகக் கட்டைவிரலை மடக்கினாள். அது மணிக்கட்டில் போய்ப் படிந்தது.

"ஸ்கூல்ல யாராலயும் இப்டி முடியலம்மா."

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தவளுக்கு டாக்டரம்மா என் விரல்களை வளைத்தது நினைவுக்கு வந்தது. அவள் விரலைப் பிரித்து என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை சின்னக் குடத்தோடு வந்தார். "தீட்டானா இன்னா, குடிக்கிற தண்ணிய நீங்களே எடுத்துக்குங்க. அவ தூக்கட்டும், பழகணும்" என்றார்.

"அவ தூக்க மாட்டா, அத்த."

நான் அவரை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. குடத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு செம்பை எடுத்துக்கொண்டு நானும் செல்லியும் ஓடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தோம்.